பல்வரிசையில் இடம் போதாதபோது



நமது மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை டயாலிசிஸ், இதய ஆஞ்சியோ, கண்புரை, பிரசவம் ஆகியவற்றுக்கானவை. இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை. கையில் உள்ள பணத்தைப் பங்கிடுவதுதான் பாடு. சென்ற கூட்டத்தில் வந்த ஒரு விண்ணப்பமோ குழுவையே இரண்டாகப் பிரித்துவிட்டது. மயிலாப்பூரில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரர், 13 வயது மகளுக்குப் பல்லில் கிளிப் போட உதவி கேட்டிருந்தார். "பல்லு கோணலா இருந்தா உசிரா போயிடும்? டயாலிசிஸுக்கே பணம் பத்தலை" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். "அழகுக்காகப் பல்லில் கை வைப்பது தடுக்கப்பட்டதல்லவா?" என்று கேட்டார் இன்னொருவர்.

அந்தச் சகோதரர் விண்ணப்பத்தின் பின்புறத்தில் தம் கைப்பட இரண்டு கேள்விகளை எழுதியிருந்தார். "நாலு நல்ல பல்லைப் பிடுங்கணும்னு டாக்டர் சொல்றார். சொத்தை இல்லாத பல்லை ஏன் பிடுங்கணும்? இது மார்க்கத்தில் கூடுமா?"

உண்மையைச் சொன்னால், இரண்டுக்கும் அன்று எங்களிடம் பதில் இல்லை. விண்ணப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பல் சீரமைப்பு மருத்துவர்கள் இருவரிடமும் நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் உட்கார்ந்து கேட்டோம். அடையாறிலும் தி.நகரிலும் இதே கேள்வியோடு இருக்கும் வீடுகள் பல என்று தெரிந்ததால், அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

பல் ஏன் நெருக்கியடிக்கிறது?

ஜும்ஆ நாளில் பள்ளிவாசலில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சஃபில் 14 பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கலாம். பதினைந்தாவது ஆளும் பதினாறாவது ஆளும் அதே சஃபில் நுழைந்தால் என்ன ஆகும்? ஒருவர் தோளைச் சாய்த்து ஒருக்களித்து நிற்பார். ஒருவர் அரை அடி முன்னே போவார். ஒருவர் பின்னால் ஒதுங்குவார். யாரிடமும் குற்றம் இல்லை, இடம்தான் போதவில்லை.

தாடை எலும்பின் வளைவு ஒரு சஃப். அதில் நிற்கும் பற்களின் அகலத்தை எல்லாம் கூட்டினால் வருவது ஒரு அளவு. தாடையில் உள்ள இடம் இன்னொரு அளவு. மருத்துவர் வாயில் அச்சு எடுத்து, பிளாஸ்டர் மாதிரி செய்து, ஒவ்வொரு பல்லையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார். பற்றாக்குறை 4 மில்லிமீட்டருக்குள் என்றால் லேசான நெருக்கம். 8, 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் கடுமையானது. இந்தக் கழித்தல் கணக்கைச் செய்யாமல், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு "கிளிப் போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பிள்ளைகளிடம் அதிகம் பார்ப்பது மேல்வரிசைச் சிங்கப்பல் உதட்டை முட்டிக்கொண்டு வெளியே நிற்பதை. தெத்துப்பல் என்போம். அது ஏன் எப்போதும் சிங்கப்பல்லாகவே இருக்கிறது? முன்னால் உள்ள நான்கு வெட்டுப்பற்கள் 7, 8 வயதில் வந்துவிடும். பின்னால் உள்ள முன்கடைவாய்ப்பற்கள் 10, 11 வயதில் இடம் பிடித்துவிடும். மேல் சிங்கப்பல் 11, 12 வயதில்தான் இறங்கும். குத்பா தொடங்கியபின் வந்தவர் நிலைமை அதற்கு.

தாடை சிறியதாகவும் பல் பெரியதாகவும் அமைவது பெரும்பாலும் பரம்பரை. அத்தாவின் பல்லும் அம்மாவின் தாடையும் பிள்ளைக்கு வந்தால் நெருக்கம்தான். அதை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் மாற்றக்கூடிய இன்னொரு காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கேதான் நம் வீடுகள் தவறு செய்கின்றன.

பால் பல் என்ற அலட்சியம்

"பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகுது" என்று சொல்லாத வீடு இல்லை. முன்வரிசைப் பால் பல்லைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. கடைவாய்ப் பால் பற்கள் அப்படி அல்ல. அவை 10, 11 வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் காவலாளிகள் அவை. பள்ளியில் துண்டை விரித்து இடம் போட்டு வைப்பது போல.

5 வயதில் ஒரு கடைவாய்ப் பால் பல் சொத்தையாகி வலி தாங்காமல் பிடுங்கப்படுகிறது என்று வையுங்கள். 6 வயதில், எந்தப் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. முன்னால் வெற்றிடம் இருப்பதால் அது முன்னோக்கிச் சாய்ந்து நகர்ந்துவிடும். ஐந்தாறு ஆண்டு கழித்து வர வேண்டிய பல்லின் இடத்தை அது விழுங்கிவிட்டது. அந்தப் பல் பிறகு வெளியே முளைக்கும், அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இந்த ஆறு வயதுப் பல்லைப் பெரும்பாலான பெற்றோர் பால் பல் என்றே நினைக்கிறார்கள். பல் எதுவும் விழாமல் வந்ததால் வரும் குழப்பம் அது. அது ஆயுளுக்கும் நிற்க வேண்டிய பல். இந்தக் கட்டுரையைப் படித்ததும் வீட்டில் 6, 7 வயதுப் பிள்ளை இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லி, வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பெரிய பல் வந்திருக்கிறதா, அதன் குழிகளில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பால் பல்லைக் காக்க முடியாமல் எடுக்க நேர்ந்தால், பக்கத்துப் பல்லில் ஒரு வளையமும் கம்பியும் பொருத்தி அந்த இடத்தை அப்படியே பிடித்து வைக்கலாம். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்று கேட்டால் எந்தப் பல் மருத்துவரும் புரிந்துகொள்வார். பின்னாளில் ஆகும் கிளிப் செலவோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகச் சிறியது.

இன்னொரு செய்தி எங்களுக்கே புதிது. கீழ்வரிசையின் கடைசிப் பால் பல், அதற்குப் பதிலாக வரும் நிரந்தரப் பல்லைவிட அகலமானது. அது விழும்போது பக்கத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இடம் மிச்சமாகிறது. சும்மா விட்டால் பின்பல் நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அந்தப் பல் விழுவதற்கு முன்பே நாக்குப் பக்கம் ஒரு மெல்லிய கம்பியைப் பொருத்திப் பின்பற்களை நிறுத்தி வைத்தால், இரு பக்கமும் சேர்த்துக் கிடைக்கும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் முன்பற்கள் நேராக உட்காரப் போதுமானதாகிவிடலாம். அதாவது லேசான நெருக்கத்துக்குப் பல் பிடுங்காமலே இடம் கிடைத்துவிடும். இதற்கு 9, 10 வயதில் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாமோ பிள்ளைக்கு 15 வயதாகி, அதுவே கண்ணாடி முன் நின்று அழுதபின் கிளம்புகிறோம்.

இடம் எங்கிருந்து வரும்?

நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்தபின் இடம் உண்டாக்க மருத்துவரிடம் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை அந்தக் கழித்தல் கணக்கும், முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயும், வயதும் தீர்மானிக்கின்றன.

லேசான பற்றாக்குறை என்றால் பல்லுக்குப் பல் இடையே மெல்லிய பட்டையால் எனாமலை இழைத்து இடம் எடுப்பார்கள். இரண்டு பற்கள் தொடும் இடத்தில் மொத்தம் அரை மில்லிமீட்டர் வரை. முன்பற்கள் ஆறுக்கு இடையே ஐந்து இடங்கள். ஆகவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் கிடைக்கும். எனாமல் மறுபடி வளராது. எனவே சொத்தை மலிந்த வாயில் இதைச் செய்யமாட்டார்கள்.

மேல் தாடை குறுகியிருந்தால் அதையே அகலப்படுத்தலாம். மேலண்ணத்தின் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் தையல் ஒன்று இருக்கிறது. வளரும் வயதில் அது முழுதாக இறுகியிருக்காது. நடுவில் திருகு வைத்த ஒரு கருவியை ஒட்டி, சாவியால் வீட்டிலேயே தினமும் திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். சில நாட்களில் மேல் முன்பற்கள் இரண்டின் நடுவே இடைவெளி விழும். பதறிக் கருவியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தையல் திறந்ததன் அடையாளம் அது, பிறகு தானே மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 1860லேயே இதைச் செய்து எழுதினார். அன்று பலர் நம்பவில்லை. பதினாலு, பதினஞ்சு வயதுக்குமேல் போகப் போக இது கடினமாகிவிடும். கீழ்த்தாடையில் இப்படிப்பட்ட தையல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைவாய்ப்பற்களைப் பின்னுக்குத் தள்ளியும் இடம் எடுக்கலாம். எலும்பில் சிறு திருகு பதித்து அதிலிருந்து இழுக்கிறார்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கிடைக்கும்.

முன்பற்களை முன்னோக்கிச் சாய்ப்பது எளிது. ஒரு மில்லிமீட்டர் முன்னே போனால் வளைவில் இரண்டு மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. பல் பிடுங்காமலே செய்து தருகிறோம் என்று சிலர் சொல்வதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. பல் ஏற்கெனவே உள்வாங்கியிருப்பவருக்கு இது நல்லது. நம் பக்கத்து முகங்களில் பலருக்கோ இரு வரிசையும் உதடும் ஏற்கெனவே சற்று முன்தள்ளித்தான் இருக்கும். அவர்களுக்கு மேலும் தள்ளினால் பல் நேராகிவிடும், வாய் மூடாது. ஈறும் மெலிந்து போகும்.

கடைசி வழி பல் எடுப்பது. ஒரு முன்கடைவாய்ப்பல் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் அகலம். பக்கத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு வரிசையில் 14 மில்லிமீட்டர். மேலும் கீழும் கடித்துப் பொருந்த வேண்டும் என்பதால் பெரும்பாலும் நான்காக எடுக்கிறார்கள். கோணலாக இருப்பதையே பிடுங்கிவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள் நம் மக்கள். எங்களுக்குத் தெரிந்து ஒரு பிள்ளைக்கு அப்படி இரண்டு சிங்கப்பற்களும் போய்விட்டன. சிங்கப்பல்லுக்குத்தான் வேர் மிக நீளம். வாயின் மூலைத்தூண் அது. முன்கடைவாய்ப்பல்லோ பக்கத்துக்கு இரண்டு இருக்கிறது, வரிசையின் நடுவில் இருப்பதால் முன்னுக்கும் பின்னுக்கும் இடம் தருகிறது. அதனால்தான் சொத்தையில்லாவிட்டாலும் அதையே எடுக்கிறார்கள். ஏற்கெனவே பெரிய சொத்தை விழுந்த வேறு பல் இருந்தால் அதை எடுத்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. சில நேரம் முடியும்.

ஞானப்பல் தள்ளித்தான் முன்பல் கோணிவிட்டது என்று பலர் நம்புகிறோம். ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. வலியோ சீழோ இல்லாத ஞானப்பல்லை இந்தக் காரணத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

நூறாண்டுச் சண்டை

பல் எடுக்கலாமா கூடாதா என்ற கேள்வி நம் வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல. இந்தத் துறையைத் தனிப் படிப்பாக்கிய அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், இயற்கை தந்த 32 பற்களும் வாயில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். கால்வின் கேஸ் என்பவர் சிலருக்குப் பல் எடுத்தே தீர வேண்டும் என்றார். 1911இல் ஆங்கிள் தரப்பும் கேஸும் பல் மருத்துவர்கள் கூடிய மன்றத்தில் கடுமையாக வாதிட்டார்கள். ஆங்கிள் தரப்பின் செல்வாக்கே அடுத்த பல ஆண்டுகளுக்கு நீடித்தது.

பிறகு ஆங்கிளின் சொந்த மாணவரான சார்லஸ் ட்வீட், தாம் பல் எடுக்காமல் சிகிச்சை செய்தவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பலருக்குப் பல் மீண்டும் கோணியிருந்தது. பலருக்கு வாய் முன்தள்ளியிருந்தது. தோற்றுப்போன அந்தச் சிகிச்சைகளை நான்கு பல் எடுத்து மறுபடி செய்தார், அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்காமல். அப்படிச் செய்த 100 பேரின் பதிவுகளை 1940இல் சக மருத்துவர்கள் முன் வைத்தார். ஆசிரியர் சொன்னது தவறு என்று ஆதாரத்தோடு சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். மதரஸாவில் ஓதிய எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அதன்பின் எல்லாருக்கும் பல் எடுக்கும் காலம் ஒன்று வந்து, அதுவும் மிகையென்று குறைந்தது. இன்று கணக்குப் பார்த்து ஆளுக்கு ஏற்பத் தீர்மானிக்கிறார்கள். இருவரிடம் கேட்டால் இரண்டு பதில் வரலாம். கணக்கைக் காட்டி விளக்குபவரை நம்புங்கள்.

மார்க்கத்தில் கூடுமா?

சகோதரரின் இரண்டாவது கேள்வி அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸை ஒட்டியது. அழகுக்காகப் பற்களை இழைத்து இடைவெளி உண்டாக்கி அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் அதில் கண்டிக்கப்படுகிறார்கள். 'பற்களுக்கு இடையே இடம் உண்டாக்குவது' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் உறுப்பினர் திடுக்கிட்டதில் வியப்பில்லை. மருத்துவர் செய்வதாகச் சொல்வதும் அதே சொல்தானே.

ஹஜ்ரத் இமாம் நவவியின் முஸ்லிம் விரிவுரையைக் காட்டி விளக்கினார். அன்று முன்பற்களிடையே சிறு இடைவெளி இளமைக்கும் அழகுக்கும் அடையாளமாக இருந்தது. வயதான பெண்கள் தங்களை இளமையாகக் காட்ட நல்ல பற்களை அரத்தால் இழைத்துக்கொண்டார்கள். தடை அதற்கு. சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள ஒரு குறைக்காகவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்று நவவி அங்கேயே எழுதியிருக்கிறார்.

இதோடு அர்ஃபஜா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் எடுத்துச் சொன்னார். அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார், அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் இது இருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் உடற்குறையைச் சீர்செய்ய வழி விடப்பட்டது. இதை ஒட்டியே முன்னோர் சிலர் ஆடிய பற்களைத் தங்கக் கம்பியால் கட்டிக்கொண்டதை திர்மிதி குறிப்பிடுகிறார்.

குர்துபாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய அத்தஸ்ரீஃப் நூலின் கடைசிப் பகுதியில், வரிசை தவறி முளைத்த பல்லைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். எடுக்க முடியாத பல் என்றால் பல நாட்களில் சிறுகச் சிறுக, பல் அசையாதபடி அரத்தால் இழைக்கச் சொல்கிறார். கருவிகளைப் படமாகவும் வரைந்திருக்கிறார். அவர் காலத்தில் கம்பியால் பல்லை நகர்த்தத் தெரியாது. வரிசை தவறிய பல் சிகிச்சைக்குரியது என்பது தெரிந்திருந்தது.

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவரும் நம் சமுதாயத்தவர்தான்: டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அலிகரில் படித்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1949இல் கல்லூரியை அரசுக்கே கொடுத்துவிட்டார். அவர் பிறந்த டிசம்பர் 24ஆம் நாள் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இங்கே இது கொஞ்சம் விலகிய பேச்சுதான். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ஆக, கடிக்கவும் மெல்லவும் முடியாத பல், துலக்க எட்டாமல் சொத்தையாகும் பல், உதட்டைக் கிழிக்கும் பல், பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பேசும் அளவுக்கு வெளியே நிற்கும் பல், இவையெல்லாம் குறை. அதைச் சீர்செய்வது கூடும். குறையே இல்லாமல் ஒளிப்படத்துக்காகச் செய்துகொள்வது வேறு. இடையில் ஐயமாக நிற்பவை உண்டு. அவற்றை ஹஜ்ரத்திடம் நேரில் கேளுங்கள்.

எங்கள் தவறு ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவிக்கு நாம் கிளிப் செலவின் முதல் தவணையைக் கொடுத்தோம். நான்கு பற்கள் எடுக்கப்பட்டன. அதற்குமேல் நாம் கேட்கவில்லை, அவர்களும் வரவில்லை. ஏழெட்டு மாதத்தில் தந்தைக்கு வேலை போய்விட்டது. மாதத் தவணை கட்ட முடியவில்லை. அதற்குள் திருமணமும் பேசியாகிவிட்டது. கம்பியோடு நிக்காஹ் மேடையில் உட்கார முடியாது என்று கம்பியைக் கழற்றிவிட்டார்கள். பல் எடுத்த இடங்கள் பாதி மூடிய நிலையில் அப்படியே நின்றுவிட்டன. பக்கத்துப் பற்கள் அந்தப் பள்ளத்துக்குள் சாய்ந்தன. முன்பிருந்த கோணல் பல்லே தேவலை என்று அந்தப் பிள்ளையின் தாயார் எங்களிடம் சொன்னபோது பதில் சொல்ல முடியவில்லை.

இந்தச் சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுவரை ஆகும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். கம்பி கழற்றியபின் ரிட்டெய்னர் போட வேண்டும். அதைப் போடாவிட்டால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும். முழுவதற்கும் வழி தெரியாமல் பல்லை எடுக்கவே கூடாது. திருமணத்துக்கு ஆறு மாதம் இருக்கையில் தொடங்கவும் கூடாது.

எங்கே போவது?

தனியார் கிளினிக்குகளில் பல பத்தாயிரம் ரூபாய் ஆகிறது. நம் குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய இடம் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கியது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர்கள் திருமயிலையிலும் அடையாறில் இருப்பவர்கள் கஸ்தூரிபா நகரிலும் பறக்கும் ரயில் ஏறினால் போதும். தி.நகரிலிருந்து மாம்பலத்தில் மின்சார ரயில். பல் சீரமைப்புக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டும். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுப்பு. இதற்கெல்லாம் சலிப்படையாதீர்கள். நகரைச் சுற்றியுள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள்.

யாரிடம் போனாலும் அவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கம்பி போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு முறுக்கு, கடலை மிட்டாய், எலும்பைக் கடிப்பது எல்லாம் ஆகாது. பிரியாணியைக் கறியை எடுத்துப் பிய்த்துக் கொடுங்கள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் வேண்டுமென்றால் கொட்டை எடுத்து, சிறு துண்டாக்கி. பிறகு வாய் கொப்பளித்து, துலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். நோன்புக் கஞ்சிக்கு எந்தத் தடையும் இல்லை. மிஸ்வாக் செய்யலாம், ஆனால் கம்பிக்கு அடியில் அது போகாது. சிறிய தலையுள்ள பிரஷும் வேண்டும். பல் எடுப்பதை ரமலானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது நிம்மதி. ரமலானில் கம்பி முறுக்கும் நாள் வந்தால் மறுநாள் வலி இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னால் மருத்துவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

தையல்காரச் சகோதரரின் மகளை அரசு மருத்துவமனையில் காட்டினோம். கீழ்வரிசையில் 9 மில்லிமீட்டர் பற்றாக்குறை. மேல்வரிசையில் அதைவிட அதிகம். உதடும் முன்தள்ளி இருந்தது. நான்கு பல் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் சொன்னது சரிதான். கணக்கைப் பிளாஸ்டர் மாதிரியில் வைத்துக் காட்டியபின் அந்தச் சகோதரர் தயக்கமில்லாமல் ஒப்புக்கொண்டார். மகளுக்குத்தான் ஊசிக்குப் பயம். போன வாரம் இரண்டு பல் எடுத்தாகிவிட்டது.

குழுவின் முடிவு இது: பல் சீரமைப்புக்கான உதவி இனிமேல் பொது ஸதகா நிதியிலிருந்து, ஒரே தொகையாக இல்லாமல், ரிட்டெய்னர் பொருத்தும் நாள்வரை தவணையாக வழங்கப்படும். ஒவ்வொரு தவணைக்கும் மருத்துவமனைச் சீட்டைக் காட்ட வேண்டும். டயாலிசிஸ் விண்ணப்பங்களுக்குப் பிறகே இவை எடுத்துக்கொள்ளப்படும். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஸ்பேஸ் மெயின்டெய்னருக்கும் கடைவாய்ப் பால் பல் சொத்தை அடைப்பதற்கும் வரிசை கிடையாது. கேட்டவுடன் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். முதலில் "உசிரா போயிடும்" என்று கேட்ட மூத்த உறுப்பினர்தான் இந்தக் கடைசித் தீர்மானத்தை முன்மொழிந்தார்.

விண்ணப்பிப்போர் குடும்ப அட்டை நகல், ஜமாஅத் கடிதம், எக்ஸ்ரே, எத்தனை மில்லிமீட்டர் பற்றாக்குறை என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டு ஆகியவற்றோடு, வெள்ளிக்கிழமை தவிர்த்த நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரவும். பிள்ளையையும் அழைத்து வரவும்.